ரப்பர் சீட்டு வடிவியல்: இடவியலையும் நான்காம் பரிமாணத்தையும் படம் போட்டுப் புரிந்துகொள்வோம்



கணிதத்தில் ஒரு பிரிவுக்கு 'ரப்பர் சீட்டு வடிவியல்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. முறையான பெயர் இடவியல், மலாயில் தோப்போலோகி. ஒரு படத்தை ரப்பர் சீட்டில் வரைந்து, அந்தச் சீட்டை இழுத்தாலும் வளைத்தாலும் படத்தில் எது மாறாமல் இருக்கிறது என்று கேட்பதுதான் இந்தப் பிரிவின் வேலை.

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இந்தப் பெயருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. மரம் வெட்டி, மங்கில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் உறையவைத்து, மிஷினில் அழுத்திச் சீட்டாக்கிக் காயப்போட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இன்று சுற்றிலும் செம்பனை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவும் 1917-இல் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. ஆகவே இன்றைய பிள்ளை ரப்பர் சீட்டைக் கையால் தொட்டிருக்க வாய்ப்புக் குறைவு. பரவாயில்லை, ஒரு பலூன் போதும்.

இந்தப் பாடத்தை ஏன் இங்கே எடுக்கிறோம்? தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் கணிதத்தைத் தமிழில் படித்த பிள்ளை, படிவம் 1-க்குப் போனதும் அதே கணிதத்தை வேறு மொழியில் படிக்க வேண்டியிருக்கிறது. கணக்கு தெரியும், சொல் தெரியாது. அங்கேதான் பல பிள்ளைகள் "எனக்குக் கணக்கு வராது சார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சொல் மாறினாலும் மாறாத ஒன்றை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்ப முடியுமா? முடியும். நன்றாகப் புரிந்த ஒரு படம் எந்த மொழி வகுப்பிலும் அதே படம்தான். கீழே வரும் படங்கள் எல்லாமே பென்சில், தாள், பலூன், நூல் ஆகியவற்றால் செய்யக்கூடியவை. படிக்கும்போதே வரைந்து பாருங்கள்.

1. இழுக்கலாம், கிழிக்கக் கூடாது

பலூனைக் கொஞ்சமாக ஊதி, பேனாவால் ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்துக்குள் ஒரு புள்ளி, வெளியே ஒரு புள்ளி. இப்போது பலூனை இன்னும் ஊதுங்கள், ஒரு பக்கமாக இழுங்கள். வட்டம் கோணல்மாணலாகிவிடும். நீளம், பரப்பு, கோணம் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் உள்ளே இருந்த புள்ளி உள்ளேயேதான் இருக்கிறது. மூடிய கோடு மூடியே இருக்கிறது. இப்படி மாறாமல் நிற்கும் தன்மைகளைப் படிப்பதுதான் இடவியல்.

இதற்கு விதிகள் இரண்டுதான். இழுக்கலாம், சுருக்கலாம், வளைக்கலாம். ஆனால் கிழிக்கக் கூடாது, தனியாக இருக்கும் இரண்டு இடங்களை ஒட்டவும் கூடாது.

இந்த விதிப்படி இட்லியும் ஆரஞ்சுப் பழமும் ஒன்று. இட்லி மாவுருண்டையைப் பிடித்து உருட்டினால் பந்தாகிவிடும். உளுந்து வடை அப்படியில்லை. நடுத்துளையை மூட வேண்டுமென்றால் மாவை ஒட்டியாக வேண்டும். அது விதிக்கு விரோதம். அதே வடையும் கைப்பிடி வைத்த தேநீர்க் கோப்பையும் ஒன்று! கோப்பையின் குழியை மெல்லத் தூர்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவது கைப்பிடியின் துளை மட்டும்தான். களிமண்ணில் செய்து காட்டினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இன்னொரு சோதனை. ஆரஞ்சின் மேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள். அதை மெல்ல நகர்த்திச் சுருக்கினால் ஒரு புள்ளியாக்கிக் கழற்றிவிடலாம். வடையின் துளை வழியாகக் கோத்த ரப்பர் பேண்டை அப்படிச் சுருக்க முடியாது. எல்லாச் சுற்றும் சுருங்கினால் அது பந்துதானா என்ற கேள்வியை, ஒரு பரிமாணம் கூட்டி, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஹென்றி பொய்ன்காரே 1904-இல் கேட்டார். 'ஆமாம்' என்று நிறுவியவர் ரஷ்யாவின் கிரிகோரி பெரெல்மான். 2002, 2003 ஆண்டுகளில் தம் கட்டுரைகளை வெளியிட்டார். அதற்காக 2010-இல் அறிவிக்கப்பட்ட பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி: ரப்பர் கையுறையில் எத்தனை துளை? "அஞ்சு" என்பார்கள், "ஒண்ணு" என்பார்கள். கையுறையின் மணிக்கட்டு வாயை நன்றாக இழுத்து விரித்துக்கொண்டே போனால், விரல்கள் எல்லாம் உள்ளிழுபட்டு, கடைசியில் ஒரு வட்டமான தட்டைச் சீட்டு கிடைக்கும். துளை எதுவுமே இல்லை. வாய் என்று நாம் நினைத்தது அந்தச் சீட்டின் ஓரம்.

2. சாலைப் படமும் தேர்வுக் கேள்வியும்

இடவியலின் தொடக்கக் கதை ஒரு ஆற்றங்கரை ஊரில் நடந்தது. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் (இன்று ரஷ்யாவின் காலினின்கிராட்). பிரேகல் ஆறு ஊரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா? 1736-ஆம் ஆண்டுக் கட்டுரையில் லியோனார்ட் ஆய்லர் 'முடியாது' என்று நிறுவினார். பாலத்தின் நீளமோ ஆற்றின் அகலமோ அவருக்குத் தேவைப்படவில்லை. எது எதோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே போதுமானதாக இருந்தது.

நமக்குத் தெரிந்த இடத்தில் செய்து பார்ப்போம். ஒரு கற்பனைத் தோட்டம். அதில் நான்கு இடங்கள்: லயம், ஸ்டோர், கோயில், பள்ளி. சாலைகள் ஐந்து: லயம்–ஸ்டோர், லயம்–கோயில், லயம்–பள்ளி, ஸ்டோர்–பள்ளி, கோயில்–பள்ளி. தண்டல் எல்லாச் சாலையையும் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவர முடியுமா?

ஒவ்வோர் இடத்திலும் எத்தனை சாலை சேருகிறது என்று எண்ணுங்கள். லயம் 3, பள்ளி 3, ஸ்டோர் 2, கோயில் 2. ஆய்லரின் யோசனை இதுதான்: ஓர் இடத்துக்கு ஒரு சாலையில் வந்தால் இன்னொரு சாலையில் வெளியேற வேண்டும். ஆகவே நடுவில் கடக்கும் இடங்களில் சாலைகள் ஜோடி ஜோடியாகத் தீரும். ஒற்றைப்படை எண்ணிக்கை உள்ள இடம் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். ஒற்றைப்படை இடங்கள் இரண்டுக்கு மேல் போனால் காரியம் நடக்காது. இங்கே இரண்டுதான். லயத்தில் தொடங்கினால்: லயம், ஸ்டோர், பள்ளி, லயம், கோயில், பள்ளி. ஐந்து சாலையும் முடிந்தது. இப்போது ஸ்டோருக்கும் கோயிலுக்கும் இடையில் புதுச் சாலை ஒன்று போட்டால்? நான்கு இடங்களிலும் மூன்று மூன்று. இனிமேல் முடியாது. சாலை கூடியதால் பாதை கெட்டுப்போனது! பிள்ளைகள் இதை நம்பாமல் கொஞ்ச நேரம் முயற்சி செய்வார்கள், செய்யட்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, இது உங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே இல்லை. படிவம் 4 கணிதத்தின் 5-ஆம் பாடம் 'ரங்காயான் டாலாம் தெயோரி கிராஃப்' இதே விஷயம்தான். புச்சு என்பது முனை, தெப்பி என்பது விளிம்பு, டார்ஜா என்பது முனையில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை. மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, எல்லா முனைகளின் டார்ஜாவையும் கூட்டினால் விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு வரும். ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு நுனி இருக்கிறதே! மேலே உள்ள தோட்டத்தில் 3+3+2+2=10; சாலை 5. சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இரண்டாவது, ஒரு முனையிலிருந்து கிளம்பி அதே முனைக்குத் திரும்பும் கெலோங் டார்ஜாவில் 2 கூட்டும். அதன் இரண்டு நுனியும் அங்கேயே தொடுகின்றன.

மூன்றாவது, படம் எவ்வளவு அழகாக இருக்கிறது, கோடு நேராக இருக்கிறதா என்பது முக்கியமில்லை. இரண்டு பேர் வரைந்த படம் பார்வைக்கு வேறு வேறாக இருந்தும் இரண்டும் சரியாக இருக்கலாம். தூரமோ கட்டணமோ கொடுத்திருந்தால், கோட்டின் மேல் எழுதிய எண்தான் கணக்கு; தாளில் நீங்கள் போட்ட கோட்டின் நீளம் அல்ல. எல்.ஆர்.டி. நிலையப் படமும் இப்படித்தான் போடப்படுகிறது. கூட்டரசு 5-ஆம் எண் சாலையை ஒரு நூலாக நினைத்து ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என்று மணி கோத்துப் பாருங்கள். நூல் எப்படி வளைந்தாலும் மணிகளின் வரிசை மாறாது. பஸ்ஸில் போகிறவருக்கு அந்த வரிசைதான் வேண்டும்.

3. வாசலில் இருக்கும் பாடம்

சிக்குக்கோலம் போடத் தெரிந்த அம்மா, பாட்டி இருக்கும் வீட்டில் இந்தப் பாடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களைக் கணினி பின்பற்றக்கூடிய விதிகளாக எழுத முடியும் என்று காட்டியது. அப்புறம் வெளிநாட்டுக் கணித அறிஞர்களும் கோலத்தை எடுத்துப் படித்தார்கள்.

இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில், குறுக்காகவும் நெடுக்காகவும், சின்னப் பெருக்கல் குறி போடுங்கள். மொத்தம் 7 குறிகள் வரும். அந்தக் குறிகளின் நுனிகளைப் புள்ளிகளைச் சுற்றி வளைத்து இணையுங்கள். ஓரத்துப் புள்ளியில் கோடு வெளிப்பக்கமாகச் சுற்றித் திரும்பும். இப்போது ஒரு விரலைக் கோட்டின் மேல் வைத்து, குறுக்கு வெட்டில் திரும்பாமல் நேராகவே போங்கள். முழுக் கோலத்தையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஒரே கோடு.

இரண்டுக்கு இரண்டு புள்ளியில் செய்தால் இரண்டு தனிக் கோடுகள் வரும். மூன்றுக்கு மூன்றில் மூன்று. மூன்றுக்கு நான்கில் மறுபடியும் ஒன்று. என்ன ரகசியம்? வரிசைகளின் எண்ணிக்கை, வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை: இந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் கோடுகளின் எண்ணிக்கை. நான்குக்கு ஆறு என்றால் 2 கோடு. படிவம் 1-இல் வறட்சியாகத் தெரியும் 'எஃப்.எஸ்.டி.பி.' கோலத்தில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

குறுக்கு வெட்டுகளில் திரும்பலாம் என்று விட்டால்? ஒவ்வொரு வெட்டிலும் நான்கு கோட்டுத்துண்டு சேருகிறது. நான்கு இரட்டைப்படை. ஆகவே ஆய்லர் விதிப்படி, இந்த வகைக் கோலம் எதுவானாலும், கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுத் தொடங்கிய இடத்தில் முடிக்கலாம்.

இன்னும் ஒன்று எண்ணுங்கள். முதலில் போட்ட இரண்டுக்கு மூன்று கோலத்தில் வெட்டுகள் 7, வெட்டுக்கு வெட்டு ஓடும் துண்டுகள் 14, கோடுகள் பிரிக்கும் பகுதிகள் 9 (புள்ளியுள்ள அறைகள் 6, நடுவில் வெற்று அறைகள் 2, வெளிப்புறம் 1). 7−14+9=2. மூன்றுக்கு மூன்று கோலத்தில் வெட்டு 12, துண்டு 24, பகுதி 14. மறுபடியும் 2. ஒரு கனசதுரத்தை எடுங்கள்: முனை 8, விளிம்பு 12, முகம் 6. 8−12+6=2. ஆய்லர் 1750-இல் ஒரு கடிதத்தில் எழுதிய விதி இது: முனை கழித்தல் விளிம்பு கூட்டல் முகம், எப்போதும் 2. கனசதுரத்தை ரப்பர் என்று நினைத்து ஊதினால் பந்தாகும். கோலத்தைப் பந்தின் மேல் வரையலாம். இரண்டும் பந்தின் மேல் போட்ட கோடுகளே. அதனால்தான் ஒரே விடை.

4. கைலியும் ஒருபக்கப் பட்டையும்

கைலிக்கு உள்புறம், வெளிப்புறம் என இரண்டு பக்கம். மேலோரம், கீழோரம் என இரண்டு ஓரம். ஒரு நீளக் காகிதப் பட்டையின் இரு நுனியையும் அப்படியே ஒட்டினால் குட்டிக் கைலி. ஒட்டுவதற்கு முன் ஒரு நுனியை அரைச் சுற்று முறுக்கி ஒட்டினால் மோபியஸ் பட்டை. மோபியஸும் லிஸ்டிங்கும் 1858-இல் தனித்தனியாக இதைக் கண்டார்கள். 'தோப்போலோகி' என்ற பெயரை 1847-இல் நூலில் கொண்டுவந்தவரும் அதே லிஸ்டிங்தான்.

பட்டையின் நடுவில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். கையை எடுக்காமலே காகிதத்தின் இரு பக்கத்திலும் கோடு விழுந்திருக்கும். அதாவது அதற்கு ஒரே பக்கம், ஓரமும் ஒன்றுதான். அந்தக் கோட்டில் கத்தரித்தால் என்ன ஆகும் என்று முதலில் மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். இரண்டாகப் பிரியாது, ஒரே நீளமான வளையம் கிடைக்கும். இதைச் செய்துகாட்ட ஐந்து நிமிடம் போதும். வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்காரும்.

5. பரிமாணம் என்றால் எத்தனை எண் வேண்டும்?

இனி மேல் பரிமாணங்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் மாயம், மர்மம் என்று போகவேண்டாம். ஓர் இடத்தைக் குறிப்பிட எத்தனை எண் தேவையோ அத்தனை பரிமாணம். அவ்வளவுதான்.

சாலையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்ல, கிலோமீட்டர் கல்லின் எண் ஒன்று போதும். சாலை ஒரு பரிமாணம். தோட்டத்தில் ஒரு மரத்தைக் காட்ட, எத்தனையாவது நிரை, நிரையில் எத்தனையாவது மரம் என்று இரண்டு எண் வேண்டும். தரை இரண்டு பரிமாணம். புக்கிட் மெலாவத்தியின் கலங்கரை விளக்கில் எரியும் விளக்கைக் குறிப்பிட உயரமும் வேண்டும். மூன்று.

நான்காவது? ஒரு மாணவியின் தமிழ், மலாய், கணிதம், அறிவியல் மதிப்பெண்களை (70, 60, 80, 50) என்று எழுதுங்கள். நான்கு எண். அவர் நான்கு பரிமாண வெளியில் ஒரு புள்ளி! இன்னொருவர் (71, 61, 81, 51). இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம்? படிவம் 1 பிதாகரஸ் விதியையே நீட்டுங்கள்: வேறுபாடுகளை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம். 1+1+1+1=4; வர்க்கமூலம் 2. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் தூரத்தை அளந்துவிட்டோம். இணையக் கடைகள் 'உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பொருள்' என்று காட்டுவதன் பின்னாலும் இந்த மாதிரி பல பரிமாணத் தூரக் கணக்குகள் இருக்கின்றன.

6. கனசதுரத்துக்கு அடுத்தது என்ன?

ஒரு புள்ளி வையுங்கள். அதை ஒரு பக்கமாக இழுத்தால் கோடு. கோட்டை அதற்குச் செங்குத்தாக இழுத்தால் சதுரம். சதுரத்தை மேலே தூக்கினால் கனசதுரம். கனசதுரத்தை இந்த மூன்று திசைக்கும் செங்குத்தான ஒரு புதுத் திசையில் இழுத்தால் வருவது நான்கு பரிமாணக் கனசதுரம். 1888-இல் சார்லஸ் ஹவர்ட் ஹின்டன் இதற்கு டெஸரேக்ட் என்று பெயர் வைத்தார். அந்தத் திசையை நம்மால் காட்ட முடியாது. ஆனால் எண்ண முடியும்.

இழுக்கும்போது பழைய உருவம் ஒன்று, புதிய உருவம் ஒன்று என்று எல்லாம் இரட்டிக்கிறது. கூடவே பழைய ஒவ்வொரு முனையும் ஒரு விளிம்பை, ஒவ்வொரு விளிம்பும் ஒரு சதுரத்தை, ஒவ்வொரு சதுரமும் ஒரு கனசதுரத்தைத் தடமாக விட்டுச் செல்கிறது.

கனசதுரம்: முனை 8, விளிம்பு 12, சதுரம் 6.
டெஸரேக்ட்: முனை 8×2=16. விளிம்பு 12×2+8=32. சதுரம் 6×2+12=24. கனசதுரம் 1×2+6=8.

இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். புள்ளி, கோடு, சதுரம், கனசதுரம் வரைக்கும் பிள்ளைகளே எண்ணி அட்டவணை போடட்டும். விதியை அவர்களே கண்டுபிடித்து அடுத்த வரியை எழுதட்டும். "யாருமே பார்க்காத ஒன்றை நான் எண்ணிவிட்டேன்" என்ற நினைப்பு ஒரு பிள்ளைக்கு வந்தால், பாடத்தின் முக்கால்வாசி முடிந்தது.

7. நிழலைப் பார்த்துப் பொருளை அறிவது

"பார்க்க முடியாததை எப்படி வரைவது டீச்சர்?" என்று கேட்பார்கள். நாம் மூன்று பரிமாணப் பொருளைத் தாளில் தினமும் வரைகிறோமே! படிவம் 3-இன் 7-ஆம் பாடம் 'பெலான் டான் டோங்காக்கான்' முழுவதும் அதுதான். மேலிருந்து பார்த்தால் ஒரு தட்டைப் படம், முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. மூன்று தட்டைப் படங்களைச் சேர்த்து மனத்தில் ஒரு முழுப் பொருளை எழுப்புகிறோம். எந்த ஒரு படமும் தனியாக முழு உண்மையைச் சொல்லாது. உருளையை மேலிருந்து பார்த்தால் வட்டம், முன்னிருந்து பார்த்தால் செவ்வகம்.

சாத்தேக் குச்சிகளால் ஒரு கனசதுரச் சட்டம் கட்டி, அதன் மேல் பக்கத்துக்கு அருகில் கைவிளக்கைப் பிடியுங்கள். தரையில் விழும் நிழல்: பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரம், நான்கு மூலைகளும் இணைந்திருக்கும். விளக்குக்கு அருகில் இருந்த பக்கம் பெரிதாக விழுகிறது. உண்மையில் இரண்டு சதுரமும் ஒரே அளவு என்று நமக்குத் தெரியும்.

அதே மாதிரி, டெஸரேக்டின் நிழல் நம் மூன்று பரிமாண உலகில் விழுந்தால்: பெரிய கனசதுரத்துக்குள் சின்னக் கனசதுரம், எட்டு மூலைகளும் இணைந்திருக்கும். நடுவில் ஒன்று, சுற்றியிருக்கும் சாய்ந்த பெட்டிகள் ஆறு, வெளியே பெரியது ஒன்று: ஆக 8. நாம் எண்ணிய விடையேதான். சாய்ந்த பெட்டிகள் கோணலாகத் தெரிவது நிழலின் குணம். அசலில் எட்டும் சமமான கனசதுரங்கள்.

படிவம் 2-இல் கனசதுரத்தை விரித்து 'பெந்தாங்கான்' வரைகிறோம்: ஆறு சதுரம், சிலுவை மாதிரி. டெஸரேக்டை விரித்தால் எட்டுக் கனசதுரங்கள் சிலுவை மாதிரி நிற்கும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் சல்வடோர் டாலி 1954-இல் வரைந்த ஒரு புகழ்பெற்ற சிலுவை ஓவியத்தில் இருப்பது இந்த விரிப்புத்தான்.

8. ஒரு பரிமாணம் கூடினால் சிக்கல் அவிழும்

இடவியலும் பரிமாணமும் கைகோக்கும் இடம் இது. மூன்று லயத்து வீடுகள். தண்ணீர், மின்சாரம், தொலைபேசி என மூன்று இணைப்பு நிலையங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று நிலையங்களிலிருந்தும் கோடு போட வேண்டும், மொத்தம் 9. கோடுகள் வெட்டிக்கொள்ளக் கூடாது. எட்டு வரைக்கும் வந்துவிடும். ஒன்பதாவது எப்போதும் மாட்டும்.

ஏன் என்று 3-ஆம் பகுதியின் விதியே சொல்லும். முனை 6, விளிம்பு 9. விடை 2 வர வேண்டுமானால் பகுதிகள் 5. வீடு, நிலையம், வீடு, நிலையம் என்று மாறி மாறித்தான் போக முடியும் என்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது நான்கு எல்லைகள். 5×4=20. ஒரு விளிம்பு இரண்டு பகுதிக்கு எல்லையாகும்; 9×2=18 தான் இருக்கிறது. பற்றாது. எத்தனை கெட்டிக்காரர் முயன்றாலும் தட்டைத் தாளில் முடியாது.

ஆனால் ஒரு கோட்டை மட்டும் மேம்பாலம் மாதிரி தாளுக்கு மேலே தூக்கினால் வேலை முடிந்தது. மூன்றாவது பரிமாணம் வழி விட்டது. வடையின் மேல் வரைந்தாலும் முடியும். ஒன்பதாவது கோட்டைத் துளை வழியாக விடலாம்.

இப்போது ஒரு படி மேலே போங்கள். நூலில் முடிச்சுப் போட்டு இரு நுனியையும் ஒட்டிவிட்டால், நம் உலகில் வெட்டாமல் அவிழ்க்க முடியாது. நான்காவது எண்ணாக நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நூலின் ஒரு பகுதியை மெல்ல மெல்லச் சிவப்பாக்குவது என்றால், அதை நான்காம் திசையில் நகர்த்துவது என்று பொருள். ஒரே இடத்தில் இருந்தாலும் நிறம் வேறானால் அவை மோதவில்லை. சிவப்பான பகுதி வெள்ளைப் பகுதியின் ஊடே கடந்து, பிறகு மறுபடி வெள்ளையாகலாம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது! நான்கு பரிமாணத்தில் எந்த நூல் முடிச்சும் நிற்காது.

9. மாணவர்கள் கட்டாயம் கேட்பவை

"நான்காம் பரிமாணம் என்றால் காலமா?" காலத்தை நான்காவது எண்ணாக எடுக்கலாம், ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு 1908-இல் மின்கோவ்ஸ்கி அப்படி வடிவம் கொடுத்தார். ஆனால் அது ஒரு பயன்பாடு. நிறம், மதிப்பெண், வெப்பம் எதுவும் நான்காவதாகலாம்.

"யாராவது பார்த்திருக்கிறார்களா?" கண்ணால் யாரும் பார்த்ததில்லை. பேராசிரியரும் நாமும் இதில் ஒன்றுதான். நிழல், விரிப்பு, எண்ணிக்கை மூன்றையும் வைத்துத்தான் எல்லாரும் வேலை செய்கிறார்கள். தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அதே கருவிகள்தான்.

பயிற்சி

1. கைலி, சட்டை (பொத்தான் இல்லாத டீ-சட்டை), காற்சட்டை ஆகியவற்றை ரப்பராக நினைத்துத் தட்டையாக விரித்தால் ஒவ்வொன்றிலும் எத்தனை துளை?
2. ஆறு வரிசை, வரிசைக்கு ஒன்பது புள்ளி வைத்த கோலத்தில் எத்தனை தனிக் கோடுகள் வரும்?
3. ஒரு கிராஃபில் டார்ஜாக்கள் 3, 3, 2, 4, 1 என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். விடை தவறு என்று படம் பார்க்காமலே எப்படிச் சொல்வீர்கள்?
4. ஐந்து பரிமாணக் கனசதுரத்துக்கு எத்தனை முனை, எத்தனை விளிம்பு?
5. பக்கம் 1 அலகுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் √2, கனசதுரத்துக்கு √3. டெஸரேக்டுக்கு?

விடைகள்

1. கைலி 1, டீ-சட்டை 3, காற்சட்டை 2. வாய்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு; ஒரு வாய் சீட்டின் வெளி ஓரமாகிவிடும்.
2. மூன்று.
3. கூட்டினால் 13. ஒற்றைப்படை வரவே முடியாது; விளிம்புகளின் இரண்டு மடங்காக இருக்க வேண்டும்.
4. முனை 16×2=32. விளிம்பு 32×2+16=80.
5. √4, அதாவது சரியாக 2.

ஆசிரியர்கள் இதை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பாடம் முடிந்து பத்து நிமிடம் மிஞ்சும் நாளில் ஒரு பகுதி எடுத்தால் போதும். கோலப் பகுதியைத் தீபாவளி, பொங்கல் வாரத்தில் எடுத்தால் வீட்டிலிருந்தே மாதிரிகள் வந்து சேரும்.